கால்மிதிக்குக் கீழே பனி

இஞ்சருங்கோ ஆரூரன்,

சவர்லாந்து மலைப்பக்க வேலைக்கென்று நீங்கள் வாங்கப்போகும் பழைய டீசல் காரை, உங்களுக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். இந்தக் குளிரிலும் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. அதில் நீங்கள் சொன்னது சரி.

பிறகு ஓட்டுபவர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கினேன். கீழ்த்தகடு துருப்பிடித்து உக்கிப் போயிருக்கிறது. கையை வைத்தேன். விரல்கள் அதனூடே போய், தரையில் கிடந்த பனியில் பட்டன. விற்கிறவர் சாதாரணமாக, "தங்கச்சி, ஒரு தகரம் அடிச்சால் காணும்" என்கிறார். அங்கேதானே உங்கள் கால் இருந்திருக்கும்.

கையெழுத்துப் போடப் போகாதேங்கோ. சோறும் பருப்பும் அடுப்பில் இருக்கிறது.

தர்சிகா

பி.கு: நேற்றைய சண்டை எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் பஸ்ஸுக்கு நிற்கக் கால் விறைக்கும். தடித்த காலுறை ஹீட்டரில் காய்கிறது, போட்டுக்கொண்டு போங்கோ.