தட்டை முனை ரவையும் உங்கள் படையலும்

என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி ஊரெல்லாம் சுற்றிக் காட்டிய என் அண்ணைக்கு,

நான் சொல்லச் சொல்ல உங்கள் மருமகள், ரவியின் பெண்சாதி மலர் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கண்ணால் பார்த்தது ஒன்றும் மறக்காது.

போன கிழமை உங்கள் திவசம். ஜெர்மனியில் ஹாம் நகரத்தில், உங்கள் மகன் ரவி வீட்டில்தான் படைத்தோம். உங்கள் படத்துக்கு முன்னால் மேசையில் இலை போட்டுக் கறியெல்லாம் வைத்தாயிற்று. சோறு வடிப்பதுதான் பாக்கி.

ரவி இரண்டு வருடமாக ஜெர்மன்காரருடைய சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறான். சனிக்கிழமைகளில் கைத்துப்பாக்கியால் கடதாசி இலக்கைச் சுடுகிறான். பயிற்சிக்கு எந்தத் துப்பாக்கி ரவை வாங்குவது என்று அவனுக்கு ஒரே யோசனை. வந்திருந்த சொந்தக்காரர் கேட்டதும் இரண்டு பெட்டியைக் கொண்டுவந்து உங்கள் இலைக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்தான்.

ஒன்றின் முனை உருண்டை. மற்றது வெட்டிய சோக்குக்கட்டி போலத் தட்டை. உருண்டை முனை கடதாசியைக் கிழிக்குமாம். தட்டை முனை வட்டமாக வெட்டி எடுக்குமாம், புள்ளி எண்ணச் சுகமாம், கையையும் அவ்வளவாக உதைக்காதாம். சுட்ட கடதாசிகளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். கடையில் சேலை பார்ப்பது போல எல்லோரும் ஒவ்வொன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்கள்.

"சித்தப்பா, நீங்கள் சொல்லுங்கோ, எது திறம்?"

அண்ணை, நானும் கை நீட்டி வாங்கினேன். "தட்டைதான். ஓட்டை துப்புரவாய் இருக்கு" என்று இந்த வாயால் சொன்னேன்.

அப்போதுதான் மலர் குசினிக்குள் இருந்து சொன்னாள், ஈயம் பிடித்த கையைக் கழுவிப்போட்டுச் சோற்றைத் தொடச் சொல்லி. எல்லோரும் சிரித்தார்கள். நான் என் விரலைப் பார்த்தேன். நுனி கறுத்திருந்தது. அந்தக் கையால்தான் உங்களுக்குச் சோறு குழைக்க இருந்தேன். முதலில் அவர்கள் மேல் அருவருப்பு. பிறகு முழுவதும் என் மேல்தான்.

உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் இதே கை அல்லவா? ரவி பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஊரில் ஆமிக்காரன் உங்களைச் சுட்டான். நெஞ்சில் சின்ன ஓட்டை, சுண்டுவிரல் நுனி அளவு. டெலிபோனில் அவனுக்கு அதை மட்டும் சொன்னேன். சின்னக் காயம், அப்பாவுக்கு நொந்திருக்காது என்றேன். முதுகில் அது வெளியே வந்த இடத்தைச் சொல்லவில்லை. இத்தனை வருடமும் சொல்லவில்லை. துப்புரவான ஓட்டை என்று ஒன்று உண்டென அவனை நம்பவைத்தவனே நான்தானா?

அந்த மேசையில் வைத்தே சொன்னேன்.

"வேட்டியை மடிச்சு மடிச்சு வைச்சன், ரவி. ரத்தம் அடங்கேல்லை. உன்ர அப்பாவின்ர முதுகிலை என்ர கை முழுக்கப் போச்சு."

ரவி பெட்டிகளை மூடினான். "அது வேறை, சித்தப்பா. இது கடதாசி."

அந்த இலையை அப்படியே மடித்துக் குப்பையில் போட்டேன். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவி, புதிதாக உலை வைத்தேன். பின்னேரம்தான் உங்களுக்குப் படைத்தேன். பசித்திருந்தீர்களா?

இன்றைக்குச் சனிக்கிழமை. ரவி சுடப் போய்விட்டான். எந்தப் பெட்டியைக் கொண்டுபோனான் என்று மலரிடம் கேட்டேன். எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். நான் தெரிந்தெடுத்துக் கொடுத்த தட்டை முனையைத்தான்.

வருகிற திவசத்துக்கு அந்த மேசை வேண்டாம், அண்ணை. என் அறையிலேயே படைப்பேன். ரவியையும் கூப்பிடுவேன், வெறுங்கையோடு வரட்டும். சின்னக் காயம் என்று இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

உங்கள் முதுகைக் கழுவிய
உங்கள் தம்பி