உனக்கும் சேர்த்துப் பார்த்தேன்

என் வீட்டு மேலிடத்துக்கு,

நம் இருவருக்கும் எடுத்த டிக்கெட்டில் நான் மட்டும் மலைமேல் வந்து சேர்ந்துவிட்டேன். "கட்டு என் கால்லதானே, உங்களுக்கு என்ன கேடு? போய் எனக்கும் சேர்த்துப் பார்த்துட்டு வாங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து விரட்டினாயே, அதன் விளைவு.

மலை ஏறும்வரை ரயிலில் சிங்கமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஏரிமேல் பாலம் வந்ததும் வழக்கம்போல் கண் மூடிக்கொள்ளப் பார்த்தது. என்ன தெரிகிறது என்று சொல்ல நீ பக்கத்தில் இல்லை. மூடினால் உன்னிடம் எந்த மூஞ்சியோடு வந்து நிற்பேன்? பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தே வைத்திருந்தேன்.

பார்த்துவிட்டேனடி. கீழே பச்சைப்பசேலென்று தண்ணீர், அதில் தலைகீழாக மலை, அந்த மலைமேல் நம் ரயிலின் நிழல் ஊர்ந்து போகிறது.

டிக்கெட் பரிசோதகர் குனிந்து, "சார், பாலம் முடிஞ்சுபோச்சு. இனிமே என் கையை விடலாம்" என்றார். பெட்டியே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

உன்மேல் ஒரு விசாரணை இருக்கிறது. ஏரி நடுவில் தீவு, அதில் வெள்ளைக் குதிரை மேய்கிறது என்று ஒவ்வொரு தடவையும் வர்ணிப்பாயே? குதிரையை விடு, தீவே இல்லை. இத்தனை வருஷமாக என் மூடிய கண்ணுக்குள் என்னவெல்லாம் படம் ஓட்டினாய், கள்ளி?

நீ நடப்பதைப் பற்றி டாக்டர் என்னிடம் இழுத்து இழுத்துப் பேசினார். அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஸ்டேஷனில் இறங்கியதும் அடுத்த வருஷத்துக்கு இரண்டு இருக்கை சொல்லிவைத்துவிட்டேன்.

ஜன்னலோரம் எனக்கு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்