பப்ளிக் ஃபோல்டரில் யார் போட்டது

அன்புள்ள அம்மாவுக்கு,

கால் வீக்கம் குறைந்ததா? நான் நலம். போனில் பேசினால் பாலன் அண்ணன் வீட்டில் எல்லாருக்கும் கேட்கும். அதனால்தான் கடிதம்.

வேலையில் ஒரு சின்னச் சிக்கல், பயப்படாதீங்க. நாடு சுதந்திரம் அடைந்த மெர்டேக்கா காலத்து மலாக்கா புகைப்படங்களுக்கு ஒரு இணையத்தளம் செய்கிறோம். அதன் கோப்புகளை ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வைத்தவன் நான். ‘பப்ளிக்’ ஃபோல்டரில் இருப்பதை உலகமே பார்க்கலாம். படம் கொடுத்த குடும்பங்களின் விலாசம், போன் நம்பர் எல்லாம் வேறு ஃபோல்டரில், எங்களுக்குள்தான் இருக்க வேண்டும்.

போன வாரம் நான் சாப்பிடக் கிளம்பும்போது, ஆபீஸிலும் என்னோடு இருக்கும் பாலன் அண்ணன், “கம்ப்யூட்டரை மூடாதே தம்பி, ஒரு படம் மாத்தணும்” என்றார். அவசரத்தில் எல்லாவற்றையும் அள்ளிப் பப்ளிக்கில் போட்டுவிட்டார். கண்டவர்கள் அந்தக் குடும்பங்களுக்குப் போன் அடித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் பதிவானதோ என் பெயர்.

மேலாளர் அஸ்மா கேட்டபோது அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே, “பையன் புதுசு. எந்த ஃபோல்டர் எதுக்குன்னு இன்னும் பிடிபடல” என்றார். நான் அமைத்த ஃபோல்டர், அம்மா! நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. இன்னொரு தவறு நடந்தால் வேலை போய்விடும். இனிமேல் என் வேலையை அண்ணன்தான் சரிபார்ப்பாராம்.

வீட்டுக்கு வந்ததும், “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கடா” என்கிறார்.

இந்தக் காஜா பெராங் பகுதியிலேயே வேறு அறை தேடுகிறேன். என் பழைய போர்வையை அனுப்புங்க. அண்ணனுக்கும் சேர்த்து முறுக்கு சுடுவதாகச் சொன்னீங்களே, வேண்டாம். எனக்கு மட்டும் கொஞ்சம், ஆபீஸ் விலாசத்துக்கு.

அவர் கார் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

மகன்,
லோகன்