வெட்டாமல் மடித்த துணி

கோவக்காரிக்கு,

கடைக்குக் கிளம்பிட்டேன். சூப் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக் குடி.

"எடையைக் குறைச்சுட்டுக் குழந்தைக்குப் பாருங்கன்னாங்க டாக்டரம்மா. வாயைக் கட்டியும் சட்டை துளிகூட லூசாகல. இனிமே அங்க போகமாட்டேன்"னு நேத்து அழுதே. நானும் பதிலுக்குக் கத்திட்டேன்.

காலையில இஸ்திரி போட உன் சட்டையை உள்பக்கம் திருப்பினேன். தையல்காரன் கை சும்மா இருக்குமா? லூசாத் தெரிஞ்சப்பல்லாம் யோசிக்காம நானே பிடிச்சுத் தைச்சிருக்கேன். உள்ளே நாலு விரல் அகலத்துக்குத் துணி மடிஞ்சு கிடக்கு! அப்படியே அசந்து உக்காந்துட்டேன். இத்தனையையும் கரைச்சது நீதான்டி. மலையைப் புரட்டிட்டு, புரளலைன்னு சொல்லியா அழுதே?

சாயங்காலம் டாக்டரம்மாகிட்ட போறோம். வெளியே போனா சாவியை மறக்காதே.

பி.கு.: மடிச்ச துணியை வெட்டல. வயிறு பெருசாகும்போது பிரிச்சு விடணும்ல?