அம்மாவின் இடது கால்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். வேதியியல் ரெக்கார்டு பாதி பாக்கி. அம்மாவின் இடது கால் வீங்கியிருக்கிறது. அழுத்தினால் குழி. குழியை மூக்காக வைத்துப் பேனாவால் முகம் வரைந்தேன். ஹெட்மாஸ்டர் ஜாடை. சிரித்தாள். உடனே, "வலிக்குது, கைய எடு அம்மணி."

தையல் மெஷின் மிதித்ததாலாம். மிதிப்பது வலது கால். வீங்கியது இடது. வாதம் செல்லாது.

ஜூலை 9, புதன்

கிணத்துக்கடவு கிளினிக். ஸ்கேனில் காலின் ரத்தக் குழாய்க்குள் ரத்தக்கட்டி.

டாக்டர்: "இது நுரையீரலுக்குப் போச்சுன்னா உசுருக்கே ஆபத்துங்க. வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க. சத்து மாத்திரை மட்டுந்தானுங்க."

பொய். தினமும் எச்.ஐ.வி. மாத்திரை, அப்பா இறந்ததிலிருந்து. பொள்ளாச்சியில் தெரிந்த முகம் அதிகம் என்று கோவை போய் வாங்குவாள். லேபிளைக் கிழித்து, பாட்டிலை வெந்தய டப்பாவுக்குள் புதைப்பாள். இன்றைய பொய்க்குக் காரணம், பக்கத்தில் நின்ற நர்ஸ் ஸ்டெல்லா அக்கா. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பாடுபவள்.

மருந்துக்கடை வாசலில் சண்டை, குசுகுசுவென்று.

"கேக்காம எந்தப் புது மாத்திரையும் சாப்பிடக் கூடாதுன்னு கோயமுத்தூர்ல சொன்னாங்கல்லம்மா. டாக்டர்கிட்டச் சொல்லிப்போடுங்க."

"ஸ்டெல்லா காதுல உழுந்தா சர்ச்சு முழுக்கப் போயிரும். நாளைக்கு உன்னைய யாரு கட்டுவாங்க?"

"இப்போதைக்கு உங்க கால்ல இருக்கற கட்டியப் பாப்போம். கட்டறது அப்புறம்."

அழுதுவிட்டாள். ஜோக் நிறுத்தம். "எனக்கு நீங்க மட்டுந்தானுங்கம்மா இருக்கீங்க."

திட்டம்: திரும்பவும் கிளினிக். அம்மா டாக்டர் அறைக்குள். நான் வராந்தாவில் மயக்கம். தடால்! நடிப்பு பிரமாதம். ஸ்டெல்லா அக்கா ஓடிவந்தாள். பின்னால் அறைக்கதவு சாத்தும் சத்தம்.

ஜூலை 10, வியாழன்

கோவை. பெரிய ஆஸ்பத்திரி. வெயில். மாத்திரைக்குப் பதில் ஊசி. கிளினிக் டாக்டர் முதலில் எழுதியது அம்மாவின் மாத்திரை ஒன்றோடு சேர்ந்திருந்தால் ரத்தக் கசிவு வந்திருக்கலாமாம். எச்.ஐ.வி. இருந்தாலே ரத்தம் உறையும் வாய்ப்பு கொஞ்சம் அதிகமாம். கூட வேறு வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் நாளை. பயம்.

அம்மா தூங்குகிறாள், என் வலது கையைப் பிடித்தபடி. எழுதுவது இடது கை. கோழிக் கிறுக்கல்.

அவளிடம் இன்னும் சொல்லாதது: நேற்று மயக்கம் தெளிந்ததாகக் காட்டி எழப் போனேன். ஸ்டெல்லா அக்கா என் நெற்றியில் கை வைத்து மெல்ல அழுத்தினாள். காதருகே:

"அப்படியே படு கண்ணு. அம்மா பேசி முடிக்கட்டும்."