அந்துவனைக் கேட்ட ஓலைக்கு மறுமொழி

வைரியாறு வளம் குன்றாது ஓடுக. அதன் இருகரை மாந்தரும் நெடிது வாழ்க.

வெண்மணல் நாட்டைத் தம் தந்தையார்க்குப் பின் முறைசெய்து காக்கும் கோமகள் நச்செள்ளையார், மணிமாட நகரில் வீற்றிருக்கும் பேரரசர் பெருஞ்சேந்தனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டை உறுதியுறுக. தங்கள் குடிகள் பசியறியாதிருக்க.

தங்கள் தூதர் வந்தார், முறைப்படி உபசரிக்கப்பட்டார், தாங்கள் விடுத்த ஓலையும் அவையில் படிக்கப்பட்டது. கீழ்கரை ஓடக்காரன் அந்துவன் பொற்றுலா என்னும் வணிகர் கணத்தின் பொன்னை வாங்கிக்கொண்டு ஆட்டத்தைக் கெடுத்தான் என்றும், அவனைக் கட்டி அனுப்பாவிடில் எம் உப்பு வண்டிகளுக்குத் தங்கள் சாலைகள் அடைபடும் என்றும் அதில் கண்டோம். நடந்தது இன்னதென்று தங்களுக்கு யாரும் உரைக்கவில்லை போலும். ஆகவே உரைக்கிறோம்.

வேனிலில் ஆறு ஒருபக்கம் ஒதுங்கி மணல் வெளுக்கும்போது, மேல்கரையாரும் கீழ்கரையாரும் அம்மணலில் காற்பந்து ஆடுவது எம் நாட்டு வழக்கம். வாயிலும் இல்லை, மதிலும் இல்லை. எம் தந்தையார் முழங்கால் நீரில் நின்று கீழ்கரைக்காகத் தொண்டை கட்டக் கத்துவார். ஒருமுறை பின்னால் நின்ற மேல்கரை மீன்காரி, "கொஞ்சம் குனியும் ஐயா, மகுடம் மறைக்குது" என்று அதட்ட, அவர் மகுடத்தைக் கழற்றி எம் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் கத்தத் தொடங்கினார். தோற்ற கரை வென்ற கரைக்கு மீன் சமைத்துப் போடும். வேறு பரிசு கிடையாது.

அந்த மணலில் வளர்ந்தவன் அந்துவன். கணத்தார் பேரரசராகிய தங்கள் ஆணையைக் காட்டிக் கரைமேட்டுப் புல்வெளியைச் சுற்றிக் கல்மதில் எழுப்பி, ஆட்டத்தை அதனுள் மாற்றி, இருகரை ஆட்டக்காரரையும் பொன் கொடுத்து அமர்த்தியபோது அவனும் வாங்கினான். அதை அவன் மறைக்கவில்லை. தாயின் கூரைக்கு ஓடு போட்டான், ஊரும் மகிழ்ந்தது. ஆனால் நாள் செல்லச் செல்ல, மதிலுக்குள் அமர்ந்திருப்போரில் ஒரு முகமும் தனக்குத் தெரிந்ததாக இல்லையே என்று அவன் மனம் உறுத்தியது. அவன் பெயர் சொல்லிக் கத்திய ஓடக்காரரெல்லாம் நுழைவுப்பொன் இல்லாமல் வெளியே நின்று, உள்ளே எழும் ஆரவாரத்தைக் கொண்டு வெற்றி யாருக்கென்று ஊகித்துக்கொண்டிருந்தனர்.

சென்ற பங்குனி ஆட்டத்தின் இடைவேளையில் கணத்தின் முகவன் நந்தன் அவனை ஒருபுறம் அழைத்து, பந்தயப்பொன் மேல்கரைமீது கட்டியிருப்பதால் இனி அவன் உதைப்பதெல்லாம் இலக்குத் தவற வேண்டுமென்று பணித்தான். அந்துவன் மறுத்தான். அருகில் நின்று கேட்டோர் சாட்சியாகச் சொன்னதை மாற்றாது எழுதப் பணித்தோம்.

"உன் காலை நாங்க வாங்கியாச்சு" என்றான் நந்தன்.

"கூலி வாங்கினா கரை சேர்க்கத்தான் வாங்குவேன். நடு ஆத்துல கவுக்க வாங்க மாட்டேன்" என்றான் அந்துவன்.

ஆட்டம் தொடர்ந்தது. காவலற்ற இலக்கின்முன் பந்து அவன் காலடியில் வந்து நின்றது. அவன் உதைக்கவில்லை. குனிந்து அதைக் கையில் எடுத்தான். பந்தைக் கையால் தொடுவது குற்றமென்று எம் நாட்டில் குழந்தையும் அறியும். அவன் நேரே நடந்து மதில்வாயிலின் தாழ்ப்பாளை நீக்கி, வெளியே நின்றோரைப் பார்த்து, "வாங்க, மணலுக்குப் போவோம்" என்றான்.

முதலில் பின்தொடர்ந்தவன் மேல்கரை அணித் தலைவன் பிட்டன். வெற்றி அவன் மடியில் விழவிருந்த நாள் அது. ஆயினும், "எவனோ எறிஞ்ச வெற்றி எனக்கெதுக்கு" என்று கணம் கொடுத்த பட்டுக் கச்சையை அவிழ்த்தெறிந்துவிட்டு ஓடினான். மற்றவரும் ஓடினர். பொன் கொடுத்து அமர்ந்தோர் வெறும் புல்லைச் சிறிது நேரம் பார்த்திருந்து, பின் அவர்களும் எழுந்து வந்தனர். பொழுது சாயும்வரை மணலில் ஆட்டம் நடந்தது. மேல்கரையே வென்றது. கணம் விரும்பிய முடிவுதான், ஆனால் விலைக்கு வந்ததன்று. அந்துவன் வாய்நிறையப் பிட்டனை வைதுகொண்டே மீன் சமைத்தான்.

தங்கள் ஓலை படிக்கப்பட்ட நாளில் அவன் தானே அவைக்கு வந்தான். தன்பொருட்டு நாட்டுக்குக் கேடு வேண்டாம் என்றும், தன்னை அனுப்பிவிடுமாறும் வேண்டினான். யாம் விடை சொல்லுமுன் உப்பு வண்டிக்காரர் தலைவி வெண்ணி எழுந்தாள். சாலை அடைபட்டால் முதலில் பசிப்பது அவள் வீடுதான். அவள் சொன்னது இது: "உப்பு என்ன, கெட்டுப்போற பொருளா? கெடக்கட்டும். நீ உக்காரு தம்பி."

அவை சிரித்தது. அந்துவன் அமர்ந்தான். அதுவே எம் தீர்ப்பு.

அவன் கணத்திடம் பெற்ற அளவு பொன்னை எம் கருவூலத்திலிருந்து எடுத்துத் தங்கள் தூதர் கையில் ஒப்புவித்தோம். அவனை ஒப்புவியோம். சாலையை அடைப்பதாயின் அடைத்துக்கொள்க.

இவ்வோலையின் படியொன்று எம் எல்லைக் காவலர்க்கும் செல்கிறது. அவர்கட்கு ஆணையாவது: அந்துவனைத் தேடி வருவோர் எத்தனை பேராயினும் மறிக்க, ஆட வருவோர் எந்நாட்டவராயினும் வழிவிடுக.

சங்கு முத்திரை பொறித்து, நச்செள்ளை எழுத்து.