மச்சானுக்குப் பழகாத கம்ப்யூட்டர்

செவ்வாய், இரவு.

பாட்டு துல்லியமாக வரும் என்று சொல்லித்தான் ஸ்டுடியோவுக்கு மேக் கம்ப்யூட்டர் வாங்கினேன். அங்கே ரெக்கார்டிங் பார்க்கும் மச்சானுக்கு விண்டோஸ் தவிர எதுவும் ஓடாது. அக்கா புருஷனை வேலையை விட்டுப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது, கம்ப்யூட்டர் சொல்லட்டும்.

இன்று எரியோட்டிலிருந்து மாதா பாட்டுப் பதிய வந்திருந்தார்கள். மச்சான் பழைய பழக்கத்தில் எதையெதையோ அழுத்தினார். ரெக்கார்டிங் தொடங்கவே இல்லை. பாட வந்த பெண்கள் சிரித்தார்கள்.

"இம்புட்டு வருசமா என்னத்தக் கத்துக்கிட்டீக மச்சான்?" அவர்கள் காதுபடவே கேட்டேன். நானே உட்கார்ந்து பதிவை முடித்தேன்.

எல்லோரும் போனதும் அருகில் வந்தார்.

"மாப்ள, ராத்திரி உக்காந்து பழகிக்கிறேன். சாவிய மட்டும் குடு."

கொடுத்தேன், பாஸ்வேர்டை மாற்றிவிட்டு.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அவர்தான். எனக்குத் தூக்கம் வருகிறது.